மேற்குச் சுவர், அறுபது யூனிட், அப்புறம் சோலார்

திருகோணமலையில் வீடு வீடாகப் போய் மீற்றர் பார்த்து, பில் எழுதிக் கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். உவர்மலை, பாலையூற்று, சாம்பல்தீவு, சீனன்குடா என்று முதலில் சைக்கிளிலும் பிறகு மோட்டார் சைக்கிளிலும் சுற்றிய பாதைகள். எந்த வளவில் நாய் கட்டியிருக்காது, எந்த வீட்டில் கேட்காமலே மோர் தருவார்கள் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். எந்த வீட்டு பில் எதனால் ஏறுகிறது என்பதும் படலையைத் திறக்கும்போதே ஓரளவு பிடிபட்டுவிடும். இப்போது ஆட்கள் என்னிடம் வந்து கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணை, சோலார் போடலாமா?"

போடலாம். ஆனால் அதைக் கடைசியில் வைத்துப் பேசுவோம். வெயிலை வீட்டுக்குள் தாராளமாக விட்டுவிட்டு, அந்தச் சூட்டை விரட்ட நாள் முழுக்க பேனைச் சுற்றவிட்டு, அந்த பேனுக்குக் கரண்ட் எடுக்க அதே வெயிலில் பனல் பூட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. முதலில் காசு கேட்காத வேலை, பிறகு சின்னச் செலவு. இலட்சக்கணக்கு அதற்குப் பிறகு.

மீற்றரோடு கொஞ்ச நேரம்

பில் வந்ததும் எல்லோருடைய கண்ணும் போவது ரூபாய்க்கு. நீங்கள் யூனிட்டைப் பாருங்கள். வீட்டுப் பாவனைக் கட்டணத்தில் 60 யூனிட் ஒரு பெரிய வரம்பு. மாதம் 60க்குள் நின்றால் ஒரு அட்டவணை, தாண்டினால் முழுக்க வேறு அட்டவணை. 61ஆவது யூனிட்டுக்கு மட்டும்தான் விலை கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. முதல் யூனிட்டில் இருந்தே கணக்கு மாறும், நிலையான கட்டணமும் ஏறும். அதற்கு மேல் 90, 120, 180 என்று படிகள். ரூபாயை நான் இங்கே எழுதவில்லை. பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு அதைத் திருத்திக்கொண்டே இருக்கிறது, கடைசியாக வந்த விலையைப் பார்த்துக் கணக்குப் போடுவதுதான் சரி.

இன்னொன்று. "நீ பிந்தி வந்ததாலதான் 60 தாண்டினது" என்று என்னோடு சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. படிகள் நாள் கணக்கோடு சேர்ந்து நீளும். 33 நாளுக்கு பில் என்றால் அந்த 60, 66 ஆகிவிடும். பில்லில் நாள் எண்ணிக்கை இருக்கிறது. பார்த்துவிட்டு மீற்றர்காரரைத் திட்டுங்கள்.

சரி, எந்தச் சாமான் கரண்டைக் குடிக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கருவி எதுவும் வாங்கத் தேவையில்லை. டிஜிட்டல் மீற்றரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருக்கும். அதற்குப் பக்கத்தில் 1600 அல்லது 3200 என்பது போல ஒரு எண் அடித்திருக்கும். 1600 என்றால், அந்த விளக்கு 1600 தடவை மின்னினால் ஒரு யூனிட் என்று அர்த்தம்.

பகலில் ஆறுதலாக இருக்கும் நேரமாகப் பார்த்து வீட்டில் எல்லாவற்றையும் நிற்பாட்டுங்கள். பிரிட்ஜ், ரிவி டெக்கோடர், இன்டர்நெட் ரவுட்டர், போன் சார்ஜர் எல்லாவற்றின் பிளக்கையும் கழற்றிவிடுங்கள். இப்போது மீற்றர் விளக்கு மின்னக்கூடாது. கொஞ்ச நேரம் நின்று பார்த்தும் மின்னுகிறது என்றால், ஒன்று எங்கேயோ ஒரு சாமான் மறந்துபோய் ஓடுகிறது, அல்லது வயரிங்கில் கசிவு. கசிவு என்றால் அன்றைக்கே வயரிங் வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். அது காசுப் பிரச்சினையாக மட்டும் நிற்காது, ஆளையே கொல்லும். கசிவு வந்தால் கரண்டை வெட்டுகிற ட்ரிப் சுவிட்சில் இருக்கிற சோதனைப் பொத்தானை மாதம் ஒரு தடவை அமத்திப் பார்க்கிற பழக்கமும் நல்லது. அமத்தினால் அது உடனே விழ வேண்டும்.

மின்னவில்லை என்றால் ஒரு பேனை மட்டும் முழு வேகத்தில் போடுங்கள். ஒரு மின்னலுக்கும் அடுத்த மின்னலுக்கும் இடையில் எத்தனை செக்கன் என்று போனில் பாருங்கள். 1600 மீற்றர் என்றால் 2250ஐ அந்தச் செக்கனால் வகுக்க வேண்டும். 30 செக்கன் என்றால் 75 வாட். 3200 மீற்றர் என்றால் 1125ஐ வகுக்க வேண்டும். வேறு எண் இருந்தால் 36 இலட்சத்தை முதலில் அந்த எண்ணால் வகுத்து, வருகிறதைச் செக்கனால் வகுங்கள். தட்டுச் சுற்றுகிற பழைய மீற்றரிலும் இதே கணக்குத்தான். மின்னலுக்குப் பதிலாகத் தட்டில் உள்ள கறுப்புக் கோடு ஒரு சுற்று வருவதைப் பார்க்க வேண்டும். பிள்ளைகளிடம் கொடுத்தால் வீடு முழுக்க அளந்து எழுதித் தருவார்கள்.

பிரிட்ஜை மட்டும் இப்படி அளக்க முடியாது. அது ஓடி ஓடி நிற்கும். இரவு படுக்கும்போதும் விடியவும் மீற்றர் இலக்கத்தைக் குறித்து, இடையில் ஓடிய பேனின் கணக்கைக் கழித்தால் கிட்டத்தட்ட வரும்.

கூரையும் மேற்குச் சுவரும்

எங்கள் ஊரில் வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை கச்சான் வீசும். தென்மேற்கில் இருந்து வருகிற மழைக்காற்று மலைநாட்டில் தண்ணீரைக் கொட்டிவிட்டு, வெறும் சூட்டோடும் புழுதியோடும் எங்கள் பக்கம் இறங்குகிறது. பகல் முழுக்க அது மேற்குப் பக்கத்தால் அடிக்கும். பின்னேர வெயிலும் மேற்குச் சுவரில்தான். இரண்டும் சேர்ந்து சீமெந்துக் கல்லுச் சுவரைக் காய்ச்சி வைத்துவிடும். அந்தச் சுவர் இரவு பத்து மணிக்கும் உள்ளே சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். மேற்குச் சுவரோடு கட்டிலைப் போட்டுப் படுத்துவிட்டு "பேன் காத்தே வருதில்லை" என்றால் பேன் என்ன செய்யும்?

கட்டிலை நகர்த்துங்கள். காசில்லாத முதல் வேலை அது. அடுத்தது யன்னல். கச்சான் நாட்களில் பகலில் மேற்கு யன்னல்களைச் சாத்தி வையுங்கள். சூட்டுக் காற்றை உள்ளே அழைப்பதால் ஒரு பயனும் இல்லை. பொழுது பட்டு வெளியே குளிர்ந்த பிறகு எல்லாவற்றையும் திறந்து, கடல் பக்கத்துக் காற்றுக்கு வழி விடுங்கள். கள்ளர் பயத்தில் யன்னலைத் திறக்காத வீடுகளும் உண்டு, நுளம்புக்குப் பயந்த வீடுகளும் உண்டு. கம்பியும் நுளம்பு வலையும் அடித்தால் இரண்டும் தீரும். ஏ.சி.யை விட அது எவ்வளவோ மலிவு.

அந்தச் சுவருக்கு வெளியே நிழல் வேண்டும். திரைச்சீலை உள்ளே தொங்கினால் வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்த பிறகு தடுக்கிறது. சூடு ஏற்கெனவே அறைக்குள். வெளியே ஒரு கிடுகுத் தட்டி சாய்த்தாலே வித்தியாசம் தெரியும். நிரந்தரமாக வேண்டுமென்றால் சுவரில் இருந்து ஒன்றரை அடி தள்ளிக் கம்பிப் பந்தல் அடித்து கொடித்தோடை விடுங்கள். சுவரில் ஒட்டி ஏறவிடாதீர்கள். இடைவெளியில் காற்றுப் போக வேண்டும், சுவருக்கு ஈரமும் பிடிக்கக்கூடாது. கச்சானில் கொடி வாடும். குசினியில் அரிசி, மரக்கறி கழுவுகிற தண்ணீரை அதற்குத் திருப்பிவிட்டால் போதும். வீட்டுக்காரி பழத்துக்காகவே அதைக் கவனித்துக்கொள்வாள்.

ஒரு விசயத்தில் எங்கள் ஆட்கள் ஏமாறுகிறார்கள். "வெயில் தெற்கால வரும், வடக்கு நிழல்" என்று யூரியூபில் யாரோ சொன்னதை நம்பி வடக்குப் பக்கம் தாவாரமே இல்லாமல் கட்டுகிறார்கள். அது டெல்லிக்குச் சரி. நாங்கள் இருப்பது பூமத்திய கோட்டுக்கு வடக்கே கிட்டத்தட்ட எட்டரை பாகையில். சித்திரை வருடப்பிறப்பை ஒட்டி மத்தியானச் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, அதற்குப் பிறகு ஆவணி நடுப்பகுதி வரைக்கும் வடக்குப் பக்கமாகவே நிற்கும். அதாவது, கொதிக்கிற மாதங்களில் வடக்கு யன்னலுக்கும் வெயில் உண்டு. புது வீடு கட்டுபவர்கள் நான்கு பக்கமும் தாவாரத்தை அகலமாக இறக்குங்கள். பழைய ஓட்டு வீடுகளில் சுற்றிவர விறாந்தை வைத்தவர்கள் இதைப் படித்துவிட்டு வைக்கவில்லை. ஆனால் வைத்திருக்கிறார்கள்.

இப்போது கூரை. ஓட்டு வீடு என்றால் அவ்வளவு பயமில்லை, ஓட்டு இடுக்குகளால் சூடு வெளியேறும். (குரங்கு ஓட்டை உடைப்பது வேறு கதை, அதற்கு என்னிடம் வழியில்லை.) அஸ்பெஸ்டஸ் சீட் போட்ட வீடும் தகரக் கூரையும்தான் தொல்லை. பழைய சீட் கறுத்துப் பாசி பிடித்துப் போயிருக்கும். கறுத்த கூரை வெயிலில் பெரும்பங்கைக் குடித்துவிடும், புது வெள்ளை அடித்த கூரை பெரும்பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். சாதாரணச் சுண்ணாம்பே போதும். சுண்ணாம்பைக் கரைத்து, ஒட்டிக்கொள்ளக் கொஞ்சம் பசை சேர்த்து, பங்குனியில் அடியுங்கள். வாடை மழைக்கு அது கழுவுப்படும், அடுத்த பங்குனியில் திரும்ப அடிக்க வேண்டும். அந்த அலுப்பு வேண்டாம் என்றால் கூரைக்கென்றே விற்கிற வெள்ளைப் பெயின்ட் இருக்கிறது, விலை கூட. மழைத்தண்ணீர் பிடித்துக் குடிக்கிற வீடு என்றால் எந்தப் பெயின்ட் என்று கேட்டு வாங்குங்கள்.

சீட் கூரையில் வேலை செய்யும்போது இரண்டு காரியம் கண்டிப்பு. பழைய அஸ்பெஸ்டஸ் சீட்டைக் காய்ந்தபடியே கம்பிப் பிரசால் தேய்க்கக்கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்குப் போனால் வெளியே வராது. தண்ணீர் விட்டு நனைத்து, மெதுவான தும்புத் தடியால் கழுவுங்கள். மற்றது, சீட்டின் மேல் நேராகக் கால் வைக்கக்கூடாது. ஆணி அடித்த வரிசைக்குக் கீழேதான் மரம் இருக்கும். அந்த வரிசைகளுக்குக் குறுக்கே நீளப் பலகை போட்டு அதில் நில்லுங்கள். சீட் உடைந்து விழுந்து இடுப்பெலும்பு போன ஆட்களை எனக்குத் தெரியும்.

உள்ளே சீலிங் அடிக்க வசதி இருந்தால், சீட்டுக்குக் கீழே அலுமினியத் தாள் விரிப்பதையும் சேர்த்துச் செய்யுங்கள். அந்தத் தாள் வேலை செய்வதற்கு ஒரு நிபந்தனை: பளபளக்கிற பக்கத்துக்கும் அடுத்த பொருளுக்கும் இடையில் குறைந்தது ஒரு அங்குலம் காற்று இடைவெளி இருக்க வேண்டும். பளபளப்பு கீழ்ப்பக்கம் பார்க்கட்டும், அப்போது தூசி படியாது. சீலிங்கோடு ஒட்டி அடித்துவிட்டு "ஒரு பலனும் இல்லை" என்று சொல்பவர்கள் காசைக் கரியாக்கியவர்கள். சீலிங்குக்கு மேலே அடைபடுகிற சூடு போக, முகட்டுச் சுவர் இரண்டிலும் பூக்கல் வைத்துக் காற்று விடுங்கள். வௌவால் புகாமல் வலை அடிக்க மறக்க வேண்டாம்.

பேன், பிரிட்ஜ், மோட்டர்

பில்லில் பெரிய பங்கு எதற்கு என்று கேட்டால் எல்லோரும் பல்பைக் காட்டுவார்கள். பல்புக் காலம் போய்விட்டது. 9 வாட் எல்.ஈ.டி. ஐந்தை ஐந்து மணித்தியாலம் எரித்தாலும் மாதம் ஏழு யூனிட் வராது. எங்கள் ஊரில் யூனிட்டைத் தின்பது பேன்.

ஒரு சின்ன வீட்டின் கணக்கைப் பாருங்கள். 75 வாட் கூரைப் பேன் இரண்டு, ஒவ்வொன்றும் நாளைக்குப் பத்து மணித்தியாலம்: மாதம் 45 யூனிட். பிரிட்ஜ் ஒரு 27. லைட் 6, ரிவி 6. கூட்டினால் 84. இப்போது பேன் இரண்டையும் 30 வாட் பி.எல்.டி.சி. பேனாக (கரண்ட் குறைவாக எடுக்கிற புது மோட்டர் உள்ள பேன்) மாற்றினால் 45 என்பது 18 ஆகிறது. மொத்தம் 57. கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டீர்கள். அயனும் மோட்டரும் சேர்ந்தால் மட்டுமட்டுத்தான், ஆனாலும் முயற்சி செய்யக்கூடிய தூரம்.

பி.எல்.டி.சி. பேன் விலை கூடத்தான். எல்லாப் பேனையும் ஒன்றாக மாற்ற வேண்டியதில்லை. எந்த பேன் கூட நேரம் ஓடுகிறதோ, அநேகமாகப் படுக்கையறையோ அம்மம்மா இருக்கிற அறையோ, அதை முதலில் மாற்றுங்கள். விருந்தாளி அறைப் பேன் பழையதாகவே கிடக்கட்டும். பூட்டும்போது சுவரில் உள்ள பழைய ரெகுலேற்றரைக் கழற்றிவிட்டு நேரடிச் சுவிட்ச் கொடுக்கச் சொல்லுங்கள்; அதோடு சேர்த்தால் பேனின் உள்ளே இருக்கிற போர்ட் பழுதாகும். பேன், பிரிட்ஜ், ஏ.சி. எது வாங்கினாலும் நட்சத்திர லேபல் இருக்கிறதா என்று பாருங்கள். நட்சத்திரம் கூடினால் செலவு குறைவு.

பிரிட்ஜுக்கு இரண்டு சோதனை. கதவு இடுக்கில் ஒரு இருபது ரூபாய்த் தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். சுலபமாக வந்தால் றப்பர் தளர்ந்துவிட்டது. றப்பரை மட்டும் மாற்றலாம். பிறகு பின்பக்கத்தைப் பாருங்கள். அடுப்புக்குப் பக்கத்திலோ மேற்குச் சுவரில் ஒட்டியோ நின்றால், அது தன் சூட்டை விடவே இடமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு சாண் இடம் விட்டு, பின்னால் இருக்கிற புழுதியைத் தும்புத்தடியால் தட்டிவிடுங்கள்.

தண்ணீர் மோட்டர் ஒரு குதிரைவலு என்றால் கிட்டத்தட்ட 1000 வாட் இழுக்கும். ஆழமில்லாத கிணற்றுக்கு அரைக் குதிரைவலு தாராளம். தாங்கி நிரம்பி வழிந்து முற்றம் நனைவது கரண்ட் வழிவதுதான். மிதவைச் சுவிட்ச் ஒன்று பூட்டுங்கள். மோட்டர் போட்டவுடன் தண்ணீர் வராமல் காற்றிழுத்தால் கிணற்றுக்குள் குழாயின் அடியில் இருக்கிற புட் வால்வைப் பாருங்கள்.

வெந்நீர்க் கருவி இந்த ஊருக்கு எதற்கு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. கூரையில் கறுப்புத் தாங்கி வைத்தவர்களுக்குப் பின்னேரம் குழாயில் வருவதே சுடுதண்ணீர். அதுவும் போதாது என்றால் கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறு இருக்கிறது.

ஏ.சி. வைத்தே ஆக வேண்டும் என்றால் ஒரே அறைக்கு வையுங்கள். இன்வேர்ட்டர் ஏ.சி.யாகப் பார்த்து, 26இல் விட்டு மெதுவாக பேனையும் போடுங்கள். கதவுக்குக் கீழே உள்ள இடைவெளியை அடைத்துவிடுங்கள். கூரை சரிசெய்யாத சீட் வீட்டில் ஏ.சி. பூட்டுவதைப் பற்றி நான் பேச விரும்பவில்லை.

குசினியில் எங்கள் ஆட்களுக்குச் சொல்லித்தர ஒன்றுமில்லை. 2022இல் காஸ் இல்லாமல் வரிசையில் நின்ற காலத்தில் சிரட்டையும் மட்டையும் அனகி மண் அடுப்பும் திரும்ப வந்தன. அடுப்பைக் கைவிடாமல் வைத்திருப்பவர்கள் புத்திசாலிகள். புகை போக வழி மட்டும் இருக்கட்டும்.

இப்போது சோலார்

இவ்வளவும் செய்து இரண்டு மூன்று பில் பார்த்த பிறகு, குறைந்த யூனிட்டை வைத்துக்கொண்டு சோலாரைப் பற்றி யோசியுங்கள். எங்கள் பக்க வெயிலுக்கு ஒரு கிலோவாட் பனல் மாதம் சராசரியாக 100 முதல் 120 யூனிட் தரும் என்று வைத்துக்கொள்ளலாம். கார்த்திகை, மார்கழி வாடை மழையில் அது இறங்கும், கச்சான் மாதங்களில் ஏறும். 180 யூனிட் பாவித்த வீடு 110க்கு வந்துவிட்டால் தேவையான பனலும் கிட்டத்தட்ட ஐந்தில் மூன்று பங்காகக் குறைகிறது.

கூரைச் சோலாருக்கு இலங்கையில் 2010இல் நிகர மானி முறை வந்தது. நீங்கள் அனுப்பியதும் எடுத்ததும் யூனிட்டுக்கு யூனிட் கழியும், மிச்சம் அடுத்த மாதத்துக்குப் போகும், கையில் காசு வராது. 2016இல் இன்னும் இரண்டு முறைகள் சேர்ந்தன. ஒன்றில் மிச்சத்துக்குக் காசு. மற்றதில் உற்பத்தி முழுவதையும் தனி மீற்றரில் விற்றுவிட்டு, வீட்டுப் பாவனைக்கு வழமை போல பில் கட்டுவது. ஒப்பந்தம் 20 வருடத்துக்கு. வாங்குகிற விலை புது ஒப்பந்தக்காரருக்கு மாறி மாறி வந்திருக்கிறது. மச்சானுக்குக் கிடைத்த விலை உங்களுக்குக் கிடைக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். கையெழுத்துப் போடுகிற நாளில் என்ன விலை என்று மின்சாரக் கந்தோரிலேயே கேளுங்கள்.

என்னிடம் வந்த ஒரு பொடியன் கேட்டான்: "மாமா, கரண்ட் போனாலும் எங்களுக்கு லைட் எரியுந்தானே?"

"எரியாது தம்பி. பனல் கரண்டை வீட்டுக் கரண்டா மாத்துற இன்வேர்ட்டர் சாதாரணமானது என்றால் றோட்டில கரண்ட் போன அடுத்த செக்கனே அதுவும் நிண்டிடும்."

"அப்ப உச்சி வெயிலிலயும்?"

"உச்சி வெயிலிலயும்தான்."

அது குறைபாடு இல்லை. உங்கள் கூரையில் இருந்து கரண்ட் லைனுக்குப் போய்க்கொண்டிருந்தால், கரண்ட் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறி வேலை செய்பவர் செத்துப்போவார். கரண்ட் வெட்டுக்கும் வேலை செய்ய வேண்டுமென்றால் பற்றரியோடு கூடிய ஹைபிரிட் இன்வேர்ட்டர் வேண்டும், அது வேறு விலை. வெட்டு நேரத்தில் ஒரு பேனும் இரண்டு லைட்டும் போதும் என்பவர்களுக்குத் தனியாக ஒரு சின்ன ஏற்பாடு செய்யலாம்: 100 வாட் பனல், சார்ஜ் கொன்ட்ரோலர், 12 வோல்ட் 100 ஆம்பியர் மணி பற்றரி, 12 வோல்டில் ஓடுகிற பேனும் பல்புகளும். ஈயப் பற்றரி என்றால் பாதிக்கு மேல் இறக்கக்கூடாது, அப்படியும் இரவு முழுக்க ஓட்டலாம். 2022 பங்குனிக் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை வெட்டிய காலத்தில் இப்படி ஒன்று வைத்திருந்த வீடுகளில்தான் அயல் முழுக்கப் போன் சார்ஜ் போட்டது. பற்றரியைச் சூடில்லாத, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். அந்த மேற்கு அறை வேண்டாம்.

கூரையின் திசையைப் பற்றி இங்கே பெரிதாக அலட்டிக்கொள்ள வேண்டியதில்லை. தெற்குப் பார்த்துப் பத்துப் பாகை சரிவு சிறப்பு. கிழக்கு, மேற்குச் சரிவுகளும் மோசமில்லை, சூரியன் எங்களுக்கு உச்சியால்தானே போகிறது. ஒரேயடியாகப் படுக்கையாகப் போட்டால் மழையில் புழுதி கழுவுப்படாது, அவ்வளவுதான். நிழலைத்தான் கவனிக்க வேண்டும். ஒரு தென்னோலையின் நிழல் ஒரு பனலில் விழுந்தால் அதோடு கோர்த்திருக்கிற மற்றப் பனல்களும் இறங்கும். காலை ஒன்பது, மத்தியானம், பின்னேரம் மூன்று என்று கூரையைப் பார்த்து, தாங்கியின் நிழலும் மரத்தின் நிழலும் எங்கே விழுகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். தை மாதத்து நிழலும் ஆடி மாதத்து நிழலும் எதிரெதிர்ப் பக்கம் என்பதையும் மறக்க வேண்டாம்.

கூரையில் பூட்டுகிற பெரிய பனல் ஒன்று இருபது கிலோவுக்கு மேல் இருக்கும். பழைய சீட் கூரையின் மரம் தாங்குமா என்று வீட்டு வேலை தெரிந்த ஒரு நல்ல பாஸைக் கூட்டிவந்து காட்டுங்கள், விற்க வந்தவரிடம் கேட்காதீர்கள். பூட்டுகிற கம்பி அலுமினியம், ஆணி துருப்பிடிக்காத உருக்கு என்று விலைப்பட்டியலில் எழுதி வாங்குங்கள். உப்புவெளி, நிலாவெளி, திருக்கடலூர்ப் பக்கம் கடல் உப்பு எதையும் விட்டுவைப்பதில்லை. சாதாரண நட் போட்டால் கொஞ்சக் காலத்திலேயே சிவப்பாக ஒழுகத் தொடங்கும்.

ஏர்த் விசயத்தில் கடற்கரை வீட்டுக்காரர் கூடக் கவனம். காய்ந்த மணலில் ஏர்த் கம்பி அடித்தால் அது பேருக்குத்தான். கச்சான் காலத்தில் மணல் இன்னும் காயும். கம்பி ஈரமண் வரைக்கும் போக வேண்டும், கருவி வைத்து அளந்து காட்டச் சொல்ல வேண்டும். ஐப்பசி இடி மின்னலுக்கு, திடீரென ஏறுகிற வோல்டேஜைத் தடுக்கிற சேர்ஜ் (surge) பாதுகாப்பு இரண்டு பக்கமும், பனல் பக்கமும் கரண்ட் பக்கமும், பூட்டியிருக்க வேண்டும்.

காகம் இருக்கிற ஊரில் பனல் கழுவ வேண்டும். விடியப்புறம், பனல் குளிராக இருக்கும்போது, மெதுவான துணியால். நடுப்பகலில் கொதிக்கிற கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றாதீர்கள். உவர்க் கிணற்றுத் தண்ணீர் வெள்ளைப் படலம் விடும். குழாய்த் தண்ணீர் அல்லது பிடித்து வைத்த மழைத்தண்ணீர் நல்லது.

முற்பணம் கட்டுவதற்கு முதல் ஒரு காரியம். உங்கள் றோட்டு ட்ரான்ஸ்போமரில் இன்னும் சோலார் சேர்க்க இடம் இருக்கிறதா என்று மின்சாரக் கந்தோர் பார்த்து அனுமதி தர வேண்டும். ஒரே லைனில் பல கூரைகள் சேர்ந்தால் மத்தியானத்தில் வோல்டேஜ் ஏறி, இன்வேர்ட்டர்கள் தாமாகவே நிற்கத் தொடங்கும். 2025 சித்திரை வருடப்பிறப்பு விடுமுறையில், பாவனை குறைந்ததால், கூரைச் சோலாரைப் பகலில் நிற்பாட்டி வைக்கும்படி நாடு முழுக்கக் கேட்டார்கள். கொட்டியாரக் குடாவுக்கு அந்தப் பக்கம், சம்பூரில், நிலக்கரி நிலையம் 2016இல் கைவிடப்பட்ட பிறகு, 2025இல் 120 மெகாவாட் சூரிய மின்நிலையத்துக்கு அடிக்கல் வைத்தார்கள். பகல் கரண்ட் கூடிக்கொண்டே போகும், தட்டுப்பாடு பின்னேரம் ஆறரைக்குப் பிறகுதான். அதனால் இன்றைக்குப் பற்றரி வாங்க வசதியில்லை என்றாலும், பிறகு பற்றரி சேர்க்கக்கூடிய இன்வேர்ட்டராக வாங்கி வைப்பது புத்தி என்று நினைக்கிறேன்.

இன்னொரு காரியம், மீற்றர் பார்த்தவனுக்குத்தான் இது தெரியும். இந்த ஊரில் பாதி வீடுகளின் பில் இன்னும் அப்பப்பாவின் பெயரிலோ, எப்போதோ வெளிநாடு போன பெரியப்பாவின் பெயரிலோ வருகிறது. யாரும் கவலைப்படுவதில்லை, காசு கட்டினால் சரி. ஆனால் சோலார் ஒப்பந்தம் மின்கணக்குக்காரரோடுதான். செத்தவர் கையெழுத்துப் போட முடியாது. கணக்கைப் பெயர் மாற்றக் காணி உறுதி, அடையாள அட்டை, இன்னும் என்ன கடதாசி வேண்டும் என்று முதலே போய்க் கேட்டு அந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள். கூரைக்கு வெள்ளை அடிக்கிற பங்குனியிலேயே தொடங்கினால், பேன் மாற்றி பில் பார்த்து முடிக்கிற நேரத்துக்கு அதுவும் கைக்கு வந்துவிடும்.